சென்னை – ஹீத்ரோ: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 8,235 கி.மீ. என்று வரும், இன்னோரிடத்தில் 5,117 என்று இருக்கும், வேறோரிடத்தில் 4,446. நேரத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். போகும்போது 11 மணி நேரத்தை ஒட்டி வருகிறது, திரும்பும்போது 10 மணிக்குள் முடிந்துவிடுகிறது. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் இரண்டு நேரங்களைக் கழித்தால் ஐந்தேகால் மணி நேரம்தான் வருகிறது. கணக்கு உதைக்கிறதே என்று தோன்றும்.

இவற்றில் எதுவும் பிழையில்லை. ஒவ்வொரு எண்ணும் வேறு ஒன்றை அளக்கிறது. தூரம் மாறாதது, பாதையும் காற்றும் நாளுக்கு நாள் மாறுபவை, கடிகாரமோ ஊருக்கு ஊர் வேறு. இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட்டால் உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் கால் மணி, அரை மணி வித்தியாசத்துக்குள் நேரத்தைச் சொல்லிவிடலாம். நேரடி விமானம் இருக்கும் சென்னை – ஹீத்ரோ தடத்தையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். செல்பேசியில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும்.

முதல் படி: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

"லண்டன்" என்பது ஒரு விமான நிலையம் அல்ல. ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு இருக்கின்றன. நகர மையத்துக்கு மேற்கே ஹீத்ரோ, தெற்கே காட்விக், வடகிழக்கே ஸ்டான்ஸ்டெட். நகரப் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் சில தளங்கள் நகர மையத்தை எடுத்துக்கொள்ளும். அங்கேயே இருபது, முப்பது கிலோமீட்டர் பிசகிவிடும். அதனால் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ. (மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம்), ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்.

அடுத்து ஆயத்தொலைவுகள், அதாவது ஒவ்வோர் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். தசம வடிவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.46

பெரும்பாலான தவறுகள் இந்த இடத்திலேயே நடந்துவிடுகின்றன. ஒன்று, டிகிரி–நிமிட வடிவத்தைத் தசமம் என்று எண்ணிக்கொள்வது. 12 டிகிரி 59 நிமிடம் என்றால் 12.59 ஆகாது. 59-ஐ 60-ஆல் வகுத்தால் 0.98, ஆக 12.98. இதை 12.59 என்று போட்டால் விமான நிலையம் தெற்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. ஹீத்ரோவை மேற்கு 0.46 என்பதற்குப் பதில் கிழக்கு 0.46 என்று எழுதினால், அது லண்டனையே தாண்டி 64 கி.மீ. கிழக்கே தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தருகே போய் விழும். லண்டன் தடத்தில் இது சின்னப் பிழையாகத் தெரிவதால் கண்ணில் படாது. இதே பிழையை நியூயார்க்குக்குச் செய்தால் அந்த ஊரே மத்திய ஆசியாவுக்குப் போய்விடும்!

இரண்டாம் படி: பெருவட்டத் தூரம்

பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் முனையை வைத்து, லண்டன் வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாகப் பிடிக்கும் பாதைதான் பெருவட்டப் பாதை, உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய வழி. தூரம் என்று தளங்கள் காட்டும் எண் பெரும்பாலும் இதன் நீளம்தான்.

கணக்கு இப்படி. கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் முறையில் இருந்தால் விடை தாறுமாறாக வரும். எக்செல் போன்ற விரிதாள்கள் கோணத்தை எப்போதும் ரேடியனில்தான் எதிர்பார்க்கும், அங்கே முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தீர்க்கரேகை வித்தியாசம்: 80.17 − (−0.46) = 80.63 டிகிரி.

அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.22478 × 0.78228 = 0.17584

அட்சரேகைகளின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.97441 × 0.62292 × 0.16281 = 0.09882

இரண்டையும் கூட்டினால் 0.27466. இதன் தலைகீழ் கோசைன் 74.06 டிகிரி. பூமியின் நடுவில் நின்று சென்னையையும் ஹீத்ரோவையும் பார்த்தால் இடையில் இருக்கும் கோணம் இது. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. பெருக்கினால் 8,235 கி.மீ.

தலைகீழ் கோசைனுக்குப் பெரும்பாலான சயின்டிஃபிக் கால்குலேட்டர்களில் கோசைன் பொத்தானுக்கு முன் மாற்றுப் பொத்தானை (ஷிஃப்ட்) அழுத்த வேண்டும். விடை 90-ஐத் தாண்டினாலும் பதற வேண்டாம். 10,000 கி.மீ.க்கு மேற்பட்ட எல்லாத் தடங்களிலும் அப்படித்தான் வரும்.

பூமி சரியான கோளம் இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. இதனால் வரும் பிழை அதிகபட்சம் அரை சதவீதம். 8,000 கி.மீ. பயணத்தில் 40 கி.மீ., அதாவது மூன்று நிமிடப் பறப்பு. பயணத் திட்டத்துக்கு இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

இனி முதலில் சொன்ன மூன்று எண்கள். 8,235 கி.மீ. = 5,117 சாதாரண மைல் = 4,446 கடல் மைல். சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளும் விமானக் கட்டுப்பாட்டு அறையும் பேசுவது கடல் மைலில். பயணப் புள்ளிகள் தரும் திட்டங்கள் பேசுவது சாதாரண மைலில். வெறும் "மைல்" என்று போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். இரண்டுக்கும் 15 சதவீதம் வித்தியாசம்.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் என்ன ஆகும்? மெர்கேட்டர் எனப்படும் வழக்கமான தட்டை வரைபடத்தில் சென்னைக்கும் ஹீத்ரோவுக்கும் போடும் நேர்கோடு, வழி முழுக்கத் திசைகாட்டியின் கோணம் மாறாமல் செல்லும் பாதை. அதன் உண்மையான நீளம் 8,479 கி.மீ. பெருவட்டத்தைவிட 244 கி.மீ. கூடுதல். பெருவட்டப் பாதையோ அந்த வரைபடத்தில் வடக்கே வளைந்து தெரியும். இருக்கையின் முன் திரையில் விமானம் "சுற்றி" போவதுபோல் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். சுற்றுவது விமானம் அல்ல, தட்டையாக்கப்பட்ட வரைபடம்.

மூன்றாம் படி: விமானம் உண்மையில் போகும் பாதை

சென்னை – ஹீத்ரோ பெருவட்டம் எந்தெந்த இடங்களின் மேல் போகிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து வடமேற்கே கிளம்பி, தக்காணத்தைத் தாண்டி, பாகிஸ்தானின் சிந்துப் பகுதி, கிழக்கு ஈரான், பிறகு காஸ்பியன் கடல். நட்ட நடுப்புள்ளி பாக்குவுக்குத் தென்கிழக்கே காஸ்பியன் கடலில் விழுகிறது. அங்கிருந்து ரஷ்யாவின் தென்மேற்கு மூலை, உக்ரைன், செக் குடியரசு, ஜெர்மனி, லண்டன்.

இந்தக் கோட்டின் மேல் இப்போது யாரும் அப்படியே பறக்க முடியாது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்ய வான்பரப்பும் கிடையாது. பாகிஸ்தான் 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியது. 2025 ஜூன் மாதம் ஈரான், ஈராக் வான்பரப்புகள் சில நாட்கள் மொத்தமாக மூடப்பட்டன.

மாற்றுப் பாதைக்கு எவ்வளவு கூடும்? மேலே செய்த கணக்கையே துண்டு துண்டாகச் செய்தால் தெரிந்துவிடும்.

மஸ்கட், இஸ்தான்புல் வழியாக: 2,589 + 3,371 + 2,489 = 8,449 கி.மீ. பெருவட்டத்தைவிட 214 கி.மீ. அதிகம், வெறும் 2.6 சதவீதம்.

ஈரானையும் தவிர்த்து மஸ்கட், கெய்ரோ வழியாக: 2,589 + 2,756 + 3,533 = 8,878 கி.மீ. கூடுதல் 643 கி.மீ., கிட்டத்தட்ட 8 சதவீதம், முக்கால் மணி நேரப் பறப்பு.

முதல் எண்ணை நன்றாகக் கவனியுங்கள். வரைபடத்தில் பார்த்தால் மஸ்கட் வழி தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல் இருக்கும், ஆனால் விலை கால் மணி நேரம்தான். நீண்ட கோட்டின் நடுவைச் சில நூறு கிலோமீட்டர் பக்கவாட்டில் இழுத்தால் மொத்த நீளம் மிகக் கொஞ்சமே கூடும். "சுற்றிப் போகிறது" என்ற கண்பார்வையை நம்பக் கூடாது, கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் சுற்று ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கதையே மாறிவிடும். ஹெல்சின்கி – டோக்கியோ விமானம் ரஷ்யாவின் மேல் பறந்தபோது சுமார் ஒன்பதரை மணி நேரம் எடுத்தது. 2022-இல் ரஷ்ய வான்பரப்பு மூடிய பின் வட துருவம் வழியாகச் சுற்ற வேண்டிவந்து சுமார் 13 மணி நேரமானது. தூரத்தைக் காட்டும் தளங்களில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

பொதுவான விதி: பாதையில் மூடிய வான்பரப்பு இல்லாவிட்டால் பெருவட்டத்தோடு 3 முதல் 5 சதவீதம் கூட்டுங்கள். இருந்தால் துண்டு போட்டுக் கூட்டுங்கள். நம் கணக்குக்கு 4 சதவீதம் வைப்போம்: 8,560 கி.மீ.

நான்காம் படி: வேகமும் காற்றும்

நெடுந்தூர விமானங்களான போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் பயண வேகம் மாக் 0.85, அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதம். 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,062 கி.மீ.தான். அதில் 85 சதவீதம் 903 கி.மீ.

இந்த 903 என்பது சுற்றியிருக்கும் காற்றோடு ஒப்பிட்ட வேகம். தரையோடு ஒப்பிட்ட வேகம் வேறு, நேரத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். ஓடும் ஆற்றில் பரிசல் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு போடும் வேகம் ஒன்றே, நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும்.

வானத்தில் அந்த நீரோட்டம் ஜெட் காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மிதவெப்ப மண்டலங்களில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும். குளிர்காலத்தில் வலுவாகித் தெற்கே இறங்கி வட இந்தியா, ஈரான் மேலெல்லாம் பாயும். அதனால் லண்டன் போகும்போது எதிர்காற்று, சென்னை திரும்பும்போது பின்காற்று. டிசம்பர், ஜனவரியில் இந்த வித்தியாசம் மிக அதிகம், ஜூலையில் குறைவு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் இன்னொரு விசித்திரமும் உண்டு. அப்போது மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். கிழக்கத்திய ஜெட் என்று பெயர். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் விவரித்தது. ஆகவே ஜூலையில் சென்னையிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்கு முதல் கட்டத்தில் கொஞ்சம் தள்ளுதலே கிடைக்கலாம்.

பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் சொல்வார்கள். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றில் மிதக்கிறது. பூமியின் சுழற்சி மட்டுமே காரணம் என்றால் வித்தியாசம் மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டராக இருந்திருக்க வேண்டும். சுழற்சிக்கும் ஜெட் காற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. ஆனால் விமானத்தைத் தள்ளுவதும் தடுப்பதும் காற்றுதான்.

வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. காற்று என்று வைத்துக் கணக்கிடுவோம்.

லண்டனுக்கு: 8,560 ÷ (903 − 50) = 10 மணி 2 நிமிடம்
சென்னைக்கு: 8,560 ÷ (903 + 50) = 8 மணி 59 நிமிடம்

குளிர்காலத்துக்குக் காற்றை 80 என்று வைத்தால் லண்டன் பயணம் 10 மணி 24 நிமிடமாகும், 22 நிமிடம் கூடுதல். சராசரிக் காற்றைத் தெரிந்துகொள்ள வானிலைத் தளங்களில் 250 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தின் காற்று வரைபடத்தைப் பாருங்கள். விமானம் பறக்கும் உயரம் ஏறக்குறைய அதுதான். பாதைக்குக் குறுக்கே வீசும் காற்றைச் சேர்க்க வேண்டாம், பாதையோடு ஒத்துப்போகும் பகுதியை மட்டும் எடுங்கள்.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. தராது. 8,000 கி.மீ. தூரம், 900 வேகம், 100 காற்று என்று வையுங்கள். எதிர்காற்றில் 10 மணி நேரம், பின்காற்றில் 8 மணி நேரம், மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் மொத்தம் 17 மணி 47 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் இழப்பு எப்போதும் ஒரு பங்கு கூடவே இருக்கும்.

காற்றின் வலிமையை ஒரே எண்ணில் காட்ட வேண்டுமானால் டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோ தடத்தைச் சொல்லலாம். ஏர் இந்தியா முதலில் அதை அட்லாண்டிக் வழியாக ஓட்டியது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றியது, சுமார் 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து 14.5 மணி நேரமானது. முழு வழியும் பின்காற்று! இன்னொன்று, 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து ஹீத்ரோ வந்த ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைக்க வேண்டும்.

ஒரு சின்னத் தகவல், ஜன்னலோரம் உட்காருபவர்களுக்கு: மேற்கே போகும் விமானங்கள் 34,000, 36,000, 38,000 அடி என்று இரட்டைப்படை உயரங்களிலும், கிழக்கே போகிறவை 35,000, 37,000, 39,000 என்று ஒற்றைப்படையிலும் பறப்பது பொது விதி. எரிபொருள் தீரத் தீர விமானம் இலகுவாகி, படிப்படியாக மேலே ஏறும்.

ஐந்தாம் படி: தரையில் போகும் நேரம்

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் பறக்கும் நேரம் அல்ல. சென்னையில் விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் தள்ளப்படும் நொடியிலிருந்து, ஹீத்ரோவில் நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடி வரை உள்ள நேரம். விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். நாம் கண்ட 10 மணி 2 நிமிடத்தோடு இவற்றைச் சேர்க்க வேண்டும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. அதற்கு 10 முதல் 15 நிமிடம். சென்னையில் ஓடுதளம் வரை ஊர்ந்து போக 10 முதல் 15 நிமிடம். ஹீத்ரோவில் இறங்கிய பின் டெர்மினல் வரை ஊர 8 முதல் 15 நிமிடம்.

ஹீத்ரோவில் இன்னொன்றும் உண்டு. பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்ற நான்கு இடங்களின் மேல் விமானங்களை அடுக்கடுக்காகச் சுற்றவைத்து, வரிசைப்படி இறக்குவார்கள். இரண்டே ஓடுதளங்களை வைத்துக்கொண்டு இத்தனை விமானங்களைக் கையாளும் நிலையத்துக்கு வேறு வழியில்லை. காலை நேரத்தில் 10, 15 நிமிடம் சுற்றுவது சாதாரணம், பனிமூட்ட நாளில் அரை மணியும் ஆகும். திரையில் "12 நிமிடத்தில் தரையிறங்கும்" என்ற எண் குறையாமல் நின்றால் விமானம் இந்த அடுக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆக ஏறுதலுக்கும் இறங்குதலுக்கும் 12 நிமிடமும், தரைக்கும் காத்திருப்புக்கும் 30 நிமிடமும் சேர்த்தால்:

சென்னை – ஹீத்ரோ: சுமார் 10 மணி 45 நிமிடம்
ஹீத்ரோ – சென்னை: சுமார் 9 மணி 40 முதல் 45 நிமிடம்

விமான நிறுவனம் அட்டவணையில் இதைவிடக் கால் மணி, அரை மணி கூடுதலாகவே போடும். தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாக இருக்க வேண்டும் என்பதற்கான இடைவெளி அது. முன்கூட்டியே வந்திறங்கியதற்கு விமானி வேகமாக ஓட்டியது காரணமாக இருப்பது அரிது.

ஆறாம் படி: கடிகாரம்

குளிர்காலத்தில் இந்தியா லண்டனைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அப்போது வித்தியாசம் நாலரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று பழையபடி ஐந்தரை. இந்தியாவில் எந்த மாற்றமும் இல்லை.

குழப்பமில்லாமல் கணக்கிட ஒரே வழி, எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கு மாற்றிவிட்டு, கடைசியில் ஊர் நேரத்துக்குத் திருப்புவது. சென்னையில் காலை 5:30-க்குக் கிளம்புவதாக வைப்போம். ஐந்தரையைக் கழித்தால் யு.டி.சி. 0:00. பயண நேரம் 10:45-ஐக் கூட்டினால் 10:45. குளிர்காலத்தில் லண்டன் கடிகாரத்திலும் அதே 10:45, கோடையில் 11:45.

திரும்பும்போது ஹீத்ரோவில் பிற்பகல் 1 மணிக்குக் கிளம்பினால், குளிர்காலத்தில் யு.டி.சி. 13:00. 9:45-ஐக் கூட்டினால் 22:45. ஐந்தரை கூட்டினால் மறுநாள் அதிகாலை 4:15. கோடையில் மறுநாள் 3:15. "மறுநாள்" என்பதைத் தவறவிட்டு ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ விமான நிலையம் போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு. சென்னைக்கு அதிகாலை 4:15 என்றால், வரவேற்கப் போகிறவர்கள் முந்தின இரவே கிளம்ப வேண்டும்.

இரு வழி டிக்கெட் கையில் இருந்தால் ஒரு சுலபமான சோதனை. ஊர் நேரங்களை அப்படியே கழியுங்கள். போக 5:30-லிருந்து 10:45, அதாவது 5 மணி 15 நிமிடம். வர 13:00-லிருந்து மறுநாள் 4:15, அதாவது 15 மணி 15 நிமிடம். கூட்டி இரண்டால் வகுத்தால் 10 மணி 15 நிமிடம். இரு பயணங்களின் உண்மையான சராசரி இதுதான், நேர வித்தியாசம் தானாகவே அடிபட்டுப் போகும். இரண்டு பயணமும் கடிகார மாற்றத்தின் ஒரே பக்கத்தில் இருந்தால் மட்டும் இது சரியாக வரும்.

வேளைக்கு மருந்து எடுப்பவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் கழிந்த மணி நேரத்தையே எண்ண வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஏழாம் படி: இடையில் இறங்கிப் போனால்

சென்னை – துபாய் 2,933 கி.மீ., துபாய் – ஹீத்ரோ 5,498 கி.மீ. மொத்தம் 8,431. நேரடிப் பெருவட்டத்தைவிட 196 கி.மீ.தான் அதிகம். வளைகுடா நகரங்கள் ஏறக்குறைய வழியிலேயே இருக்கின்றன என்பதை இந்த எண் காட்டுகிறது. நேரம் போவது வானத்தில் அல்ல. இரண்டாவது முறை ஊர்தல், ஏறுதல், இறங்குதலுக்கு முக்கால் மணி, காத்திருப்புக்கு இரண்டு முதல் நான்கு மணி. மொத்தம் 14 முதல் 16 மணி நேரம் ஆகும். டெல்லி வழி கூட்டுத்தொகை சுமார் 8,500 கி.மீ.

சிங்கப்பூர் வழி மலிவாகக் கிடைத்தால் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கிழக்கே 2,900 கி.மீ. போய், அங்கிருந்து மேற்கே 10,900. மொத்தம் 13,800 கி.மீ., காத்திருப்பு இல்லாமலே 18 மணி நேரத்துக்கு மேல்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்து இணைப்பதில்தான் பெரிய ஆபத்து. ஒரே பதிவில் எடுத்த டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அந்த நஷ்டம் முழுக்க உங்களுடையது. பெட்டியையும் எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டிவரும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். அப்படி எடுத்தே ஆக வேண்டுமென்றால் இடையில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள்.

தூரம் பணமாகும் இடம்

பெருவட்டத் தூரத்துக்குச் சட்டப்படியான பயன் ஒன்று உண்டு. பிரிட்டனிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம் பிரிட்டனுக்கு ஓட்டும் விமானத்துக்கும் யு.கே.261 என்ற பயணிகள் உரிமை விதி பொருந்தும். இழப்பீட்டைத் தீர்மானிப்பது டிக்கெட்டின் விலை அல்ல, பெருவட்டத் தூரம். 1,500 கி.மீ. வரை 220 பவுண்டு, 3,500 வரை 350, அதற்கு மேல் 520. சென்னை – ஹீத்ரோ 8,235 கி.மீ. என்பதால் மேல் படிநிலை. சேருமிடத்தில் நான்கு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் 520 பவுண்டு, மூன்றிலிருந்து நான்குக்குள் என்றால் 260. புயல், வான்பரப்பு மூடல் போல நிறுவனத்தின் கையை மீறிய காரணமானால் பணம் கிடைக்காது, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும். தாமதம் எண்ணப்படுவது சக்கரம் தரையைத் தொடும் நேரத்திலிருந்து அல்ல, கதவு திறக்கும் நேரத்திலிருந்து. அந்த நேரத்தை ஒரு புகைப்படத்தோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சரிபார்ப்பு

பயணத்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு, விமானங்களைப் பின்தொடரும் ஃபிளைட்ராடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைக் கொடுத்து, கடந்த சில நாட்களின் பறப்புகளைப் பாருங்கள். மூன்று விஷயங்கள் போதும்: எந்த நாடுகளின் மேல் போனது, தரை விட்டதிலிருந்து தரை தொட்டது வரை எவ்வளவு நேரம், அட்டவணை நேரத்துக்கும் உண்மையில் வந்த நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி. உங்கள் கணக்கு 10 மணி 2 நிமிடம் என்று சொல்லி, அங்கே தொடர்ந்து 10 மணி 50 இருந்தால் பாதை மாறியிருக்கிறது என்று பொருள். வரைபடத்தைப் பார்த்து மூன்றாம் படியைத் திரும்பப் போடுங்கள். ஒருநாள் மட்டும் அதிகமாக இருந்தால் அது காற்று, கவலை வேண்டாம்.

ஹீத்ரோவில் உங்களை அழைக்க வருகிறவர்களுக்கு விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தானியங்கி நுழைவு வாயில் கிடையாது, அதிகாரி இருக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும். டெர்மினல் வரை ஊர்தல், நடை, குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் கூட்டி அந்த நேரத்தைச் சொல்லுங்கள். அங்கே கார் நிறுத்தக் கட்டணம் அதிகம், முன்னதாக வந்தால் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.